அகத்துக்குள் ஒரு மீட்டர்: இணையம் கோத்த வீட்டுச் சாதனங்களின் வரலாறு குறித்து

1969 கிறிஸ்துமஸுக்காக நீமன் மார்க்கஸ் என்னும் அமெரிக்கப் பணக்காரக் கடை வெளியிட்ட விலைப்பட்டியலில் ஒரு சமையலறைக் கணினி இடம்பெற்றிருந்தது. ஹனிவெல் நிறுவனத்தின் எச்-316 என்ற சிறுகணினியை ஒரு மேடைக்குள் பொருத்தி, முன்பக்கத்தில் காய் நறுக்கப் பலகை ஒன்றும் வைத்திருந்தார்கள். விலை 10,600 டாலர். வாங்குகிறவருக்கு இரண்டு வாரம் நிரல் எழுதும் பயிற்சி இலவசம். சமையல் குறிப்புகளைச் சேமித்துவைப்பதுதான் இயந்திரத்தின் வேலை என்றார்கள். ஆனால் அதற்குத் திரை கிடையாது, எழுத்துப் பலகை கிடையாது. வரிசையாகச் சில பொத்தான்கள், எரிந்து அணையும் சில விளக்குகள், அவ்வளவுதான். அடுப்படியில் நிற்கிற பெண் கேரட்டுக்கான இரும எண்ணைப் பொத்தான்களைத் தட்டி உள்ளே அனுப்ப வேண்டும். விளக்குகள் மினுங்குவதைப் பார்த்து இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றுகூட விற்றதாகச் சான்று இல்லை.

இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவதுதான் வழக்கம். அந்த விளம்பரத்தின் வாசகத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கணினி கணக்குப் போடுகிற அளவுக்கு இவளுக்குச் சமைக்கத் தெரிந்தால் தேவலை என்கிற தொனியில் அமைந்த வாசகம் அது. விற்கப்பட்ட பொருள் கணினியல்ல. வீட்டுக்குள் பெண் செய்கிற வேலை குறைபட்டது, அதைத் திருத்த வெளியிலிருந்து ஓர் இயந்திர மூளை வர வேண்டியிருக்கிறது என்ற எண்ணமே விற்பனைக்கு வைக்கப்பட்டது. பொருள் விற்கவில்லை, எண்ணம் விற்றது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இதே எண்ணம் வேறு வேறு உறைகளில் திரும்பத் திரும்பச் சந்தைக்கு வந்துகொண்டேயிருப்பதைப் பார்க்க முடியும்.

வீட்டுச் சாதனங்கள் இணையத்தோடு சேர்ந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையாடலைத்தான் கையாள்கிறார்கள். கணினி ஓர் ஓடை, தொலைபேசி ஓர் ஓடை, தொலைக்காட்சி ஓர் ஓடை; எல்லாம் தம் போக்கில் ஓடிவந்து ஒரு கடலில் கலந்தன; அந்தக் கலத்தலின் பெயர் கன்வெர்ஜென்ஸ், தமிழில் குவிதல். 1970களின் இறுதியில் எம்.ஐ.டி.யின் நிக்கோலஸ் நெக்ரபாண்டி மூன்று வட்டங்களை வரைந்து காட்டினார். ஒளிபரப்பும் திரைப்படமும் ஒன்று, அச்சும் பதிப்பும் ஒன்று, கணினி ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வருகின்றன என்றார். 1985இல் அங்கே ஊடக ஆய்வகம் எழுந்ததில் இந்தப் படத்துக்குப் பங்குண்டு. படம் தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வட்டங்களில் எதிலும் அடுப்பு இல்லை, துணி துவைக்கும் தொட்டி இல்லை, குளிர்பெட்டி இல்லை. மேலும், குவிதல் என்பது மழை பெய்வதுபோலத் தானாக நிகழும் காரியம் என்ற தோற்றத்தை அது தருகிறது. தானாக எதுவும் குவிவதில்லை. யாரோ குவிக்கிறார்கள்.

வீடு முதன்முதலாக ஒரு வலைப்பின்னலோடு பிணைக்கப்பட்டது இணையத்தால் அல்ல, மின்சாரத்தால். இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ என்ற ஊரில் மின்நிலையம் இரவில் மட்டும் ஓடியது. விளக்குதானே எரிய வேண்டும், பகலில் எதற்கு? அங்கே வேலைபார்த்த ஏர்ல் ரிச்சர்ட்சன் என்பவர் மின் இஸ்திரிப்பெட்டி ஒன்றைச் செய்து ஊர்ப் பெண்களிடம் கொடுத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைகளில் துணி தேய்ப்பது அங்கே வழக்கம். ஆகவே செவ்வாய்க்கிழமை பகலிலும் மின்நிலையத்தை ஓட்டச் செய்தார். முனை இன்னும் சூடாக வேண்டும் என்று பெண்கள் கேட்க, அதிலிருந்தே ‘ஹாட்பாயிண்ட்’ என்ற வணிகப் பெயர் பிறந்தது. சும்மா கிடக்கும் கம்பிக்கு வேலை தருவதற்காகச் சாதனம் பிறந்தது என்பதுதான் இதில் நாம் காண வேண்டியது. தேவை முன்னால் வந்து சாதனம் பின்னால் வரவில்லை.

குளிர்பெட்டியின் கதை இன்னும் கூர்மையானது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாய்வாளர் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலில் இதை விரிவாகச் சொல்கிறார். 1920களில் இரண்டு வகைக் குளிர்பெட்டிகள் இருந்தன. ஒன்று மின்மோட்டாரால் ஓடுவது. மற்றொன்று எரிவாயுச் சுடரால் இயங்குவது. 1922இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் வகுத்த அமைப்பின் வழிவந்தது. அதில் மோட்டார் இல்லை, ஆகவே சத்தமும் இல்லை, கெட்டுப்போக அசையும் உறுப்பும் இல்லை. ஆனால் வென்றது உறுமுகிற மின்பெட்டிதான். ஜெனரல் எலெக்ட்ரிக் பெருமுதலை அதன் பின்னால் கொட்டியது. மின்நிலையக் கருவிகள் செய்து விற்கிற கம்பெனிக்கு, 24 மணி நேரமும் மின்சாரம் உறிஞ்சும் ஒரு பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது எவ்வளவு லாபம்! சமையலறையில் இன்று கேட்கிற அந்த உறுமல் பொறியியலின் முடிவு மட்டுமல்ல, மூலதனத்தின் முடிவும்கூட.

கோவனின் நூல் இன்னொன்றையும் நிறுவுகிறது. துவைக்கும் இயந்திரமும் துடைக்கும் இயந்திரமும் வந்த பிறகு வீட்டுவேலை குறையவில்லை. முன்பு ஆணும் பிள்ளைகளும் வேலைக்காரரும் செய்த பங்கை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மிச்சம் முழுக்க ஒரே பெண்ணின் தலையில் விழுந்தது. தினமும் சட்டை மாற்றுவது வழக்கமாகிவிட்டால் துவைப்பும் தினமும்தானே.

இந்தப் பின்னணியோடுதான் இணையத்தின் முதல் ‘பொருட்களை’ அணுக வேண்டும். இவை மூன்றும் வீட்டில் பிறக்கவில்லை, பல்கலைக்கழகங்களிலும் கண்காட்சிக் கூடங்களிலும் பிறந்தன. மூன்றும் ஏறக்குறைய விளையாட்டு.

முதலாவது பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக் கோக் இயந்திரம். 1980களின் தொடக்கத்தில் கணினித் துறை மாணவர்கள் சிலர் நெடுந்தூரம் நடந்துபோய்ப் பார்த்தால் பாட்டில் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் வெதுவெதுப்பாக இருக்கும். இயந்திரத்தின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு விளக்கு உண்டு. பாட்டில் எடுத்தால் மினுங்கும், தீர்ந்தால் தொடர்ந்து எரியும். அந்த விளக்குகளிலிருந்து ஒயர் இழுத்துத் துறையின் கணினியோடு இணைத்தார்கள். எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, உள்ளே போய் எத்தனை நேரம் ஆயிற்று என்று நிரல் கணக்கு வைத்தது. 3 மணி நேரம் ஆகிவிட்டால் ‘குளிர்ந்தது’ என்று காட்டியது. ஆர்ப்பாநெட் என்ற ராணுவப் பணத்தில் எழுந்த வலைப்பின்னலில் இருக்கிற எவரும், எங்கிருந்தும், இந்த இயந்திரத்தை விசாரிக்கலாம்.

இரண்டாவது ரொட்டி சுடும் டோஸ்டர். 1990இல் இன்டராப் கண்காட்சியில் ஜான் ராம்கி ஒரு சன்பீம் டோஸ்டரை இணையத்தில் சேர்த்துக் காட்டினார். வலைக்கருவிகளை நிர்வகிக்க எழுதப்பட்ட ஒரு நெறிமுறையைக் கொண்டு அதை ஏற்றவும் அணைக்கவும் முடிந்தது. எவ்வளவு நேரம் மின்சாரம் ஓடுகிறதோ அவ்வளவு கறுப்பு. ரொட்டியை மட்டும் மனிதக் கைதான் வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதற்கும் ஒரு குட்டிக் கிரேன் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது கேம்பிரிட்ஜ் காப்பிக் கூஜா. 1991இல் அங்குள்ள கணினி ஆய்வகத்தில் ட்ரோஜன் அறை என்ற அறைக்கு வெளியே ஒரே ஒரு காப்பி இயந்திரம். மற்ற மாடிக்காரர்கள் படியேறி இறங்கி வந்தால் கூஜா காலி. க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் ஒரு கேமராவைக் கூஜாவை நோக்கித் திருப்பிவைத்து, 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்புவெள்ளைப் படத்தை எல்லோர் திரையிலும் ஒரு மூலையில் தெரியும்படி செய்தார்கள். 1993 இறுதியில் அந்தப் படம் உலகளாவிய வலைக்குப் போனது. லட்சக்கணக்கானோர், அந்தக் காப்பியை ஒரு வாய்கூடக் குடிக்கப்போகாதவர்கள், கூஜா நிரம்புவதையும் வற்றுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 22இல் கேமரா அணைக்கப்பட்டது. பழுதான அந்தக் கூஜாவை ஏலத்தில் 3,350 பவுண்டுக்கு ஜெர்மனியின் ஸ்பீகல் ஆன்லைன் எடுத்தது.

மூன்றிலும் பொதுவாக இருப்பது எழுந்து நடக்கச் சோம்பல். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சோம்பலிலிருந்து நல்ல கருவிகள் பல பிறந்திருக்கின்றன. ஆனால் கேமரா எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்று கேட்கலாம். கூஜாவில் காப்பி இருக்கிறதா என்று காட்டியது. அடுத்த கூஜாவை யார் போடுவது என்பது அதன் கேள்வியாக இருக்கவேயில்லை. சாதனத்தின் நிலையைத் தகவலாக்குவது, அதன் பின்னால் இருக்கிற உழைப்பைச் சட்டகத்துக்கு வெளியே விடுவது என்ற முறை இங்கேயே உருவாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. இந்த மூன்று விளையாட்டிலும் பார்க்கிறவர், பார்க்கப்படுகிற பொருளின் உடைமையாளர், செய்தவர் எல்லாம் ஒரே கூட்டம். யாருடைய தகவலும் யாரிடமும் விலைக்குப் போகவில்லை. இந்தச் சமன்பாடுதான் பின்னால் உடைந்தது.

கம்பியிலிருந்து காற்றுக்கு வந்த பாதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1975இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் வடிவமைத்த எக்ஸ்-10 முறை, வீட்டின் மின்கம்பி வழியாகவே சமிக்ஞை அனுப்பி விளக்கைப் போடவும் அணைக்கவும் செய்தது. மொத்தம் 256 முகவரிகள், கடவுச்சொல் எதுவும் கிடையாது; ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழே இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் பொத்தானை அமுக்கினால் நம் வீட்டு விளக்கு எரியலாம். பிறகு கம்பியில்லா இணைப்பு. வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டை எப்படிப் பொதுவாயிற்று தெரியுமா? ரேடார் ஆய்விலிருந்து பிறந்த மைக்ரோவேவ் அடுப்பு முதலிய கருவிகள் அலைகளைக் கசியவிடும் என்பதால், 1947இல் அட்லான்டிக் சிட்டியில் நடந்த உலக மாநாட்டில் அந்தப் பட்டையைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கினார்கள். செய்தித் தொடர்புக்கு உதவாத ‘குப்பைப் பட்டை’ என்று பெயர். 1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், உரிமம் இல்லாமலே எவரும் அங்கே தொடர்பு கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. வைஃபைக்கான முதல் தரம் 1997இல் வந்தது. இந்தியாவில் இந்தப் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்றானது 2005இல். அடுப்புக்காக விட்ட புறம்போக்கில் இணையம் குடியேறியது. குவிதல் என்று பெயர் சொல்வதானால் இதைச் சொல்லலாம். இதற்கும் நெக்ரபாண்டியின் வட்டங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2000இல் எல்.ஜி. நிறுவனம் இணையக் குளிர்பெட்டியை விற்க வந்தது. விலை 20,000 டாலருக்கு மேல். யாரும் வாங்கவில்லை. கதவில் திரை எதற்கு என்று ஜனங்களுக்குப் புரியவில்லை. இடையில் இரண்டு பேர் இரண்டு பெயர்களைத் தந்திருந்தார்கள். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசர், 1991இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரையில், கணினி கண்ணிலிருந்து மறைந்து பொருட்களுக்குள் கரைந்துபோகும் காலத்தைக் கனவு கண்டார். 1999இல் கெவின் ஆஷ்டன், புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் சரக்கு இருப்பைக் கண்காணிப்பது பற்றிப் பேசும்போது ‘இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்’ என்ற தொடரைத் தலைப்பாக வைத்தார். அது வீட்டுக்காகப் பிறந்த சொல் அல்ல, கிடங்குக்காகப் பிறந்த சொல். தமிழில் இதைப் பொருட்களின் இணையம் என்கிறார்கள். நம் மொழியில் பொருள் என்றால் வஸ்து, அர்த்தம், செல்வம் மூன்றும்தான். மொழிபெயர்ப்பு மூலத்தைவிட உண்மை பேசுகிறது.

குளிர்பெட்டியால் முடியாததைச் சாதித்தது சுவரில் ஒட்டிய ஒரு வெப்பச்சீராக்கி. குளிர்நாட்டு வீடுகளில் கணப்பின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற வட்டக் கருவி அது. ஆப்பிளில் ஐபாட் உருவாக்கத்துக்குத் தலைமையேற்ற டோனி ஃபாடெல், நெஸ்ட் என்ற பெயரில் 2011இல் அதைக் கொண்டுவந்தார். கைப்பேசிகள் கோடிக்கணக்கில் உற்பத்தியானதால் உணரிகளும் வைஃபைச் சில்லுகளும் சல்லிசாகிவிட்டிருந்தன. மிச்சமான சதை கைப்பேசியினுடையதுதான். நெஸ்ட், வீட்டில் ஆள் இருக்கிறாரா, எப்போது எழுகிறார், எப்போது வெளியே போகிறார் என்று கற்றுக்கொள்ளும். 2014 ஜனவரியில் கூகுள் அந்தக் கம்பெனியை 320 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு விளம்பரக் கம்பெனிக்குச் சுவர்க்கருவி எதற்கு என்று அப்போதே சிலர் கேட்டார்கள்.

அதே ஆண்டு நெஸ்ட், ரிவால்வ் என்ற இன்னொரு கம்பெனியை வாங்கியது. 300 டாலர் விலையில் வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் ஒருங்கே இயக்கும் ஒரு பெட்டி அவர்களுடையது. 2016 மே மாதம், தொலைவிலுள்ள வழங்கிக் கணினிகளை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் இருந்த பெட்டி அன்றோடு செத்துப்போனது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்தில் பண்டமான மேசை தலைகீழாக நிற்கும் என்றொரு படிமம் உண்டு. இங்கே விற்ற பிறகும் பண்டம் விற்றவன் பேச்சைத்தான் கேட்கிறது. உடைமை என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டதை நம் பொருளாதாரம் பேசும் தோழர்கள் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை.

இனி அகத்தின் பிரச்சினை. தொல்காப்பியம் அகத்திணைக்கு ஒரு விதி சொல்கிறது: அங்கே தனியொருவரின் பெயரைச் சுட்டக் கூடாது. பெயர் வந்தால் அது அகமாகாது. நெடுநல்வாடையில் வேப்பந்தாரைக் குறிக்கும் ஓர் அடையாளம் பாண்டியனைக் காட்டிக்கொடுக்கிறது என்பதற்காகவே நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றார். பெயர் சொல்லவில்லை, அடையாளம் ஒன்று போதும். அகம் என்பது இயல்பாக இருக்கிற ஓர் உள்ளறை அல்ல, அடையாளத்தை மறைப்பதால் கட்டமைக்கப்படுகிற வெளி என்பதை இந்த மரபு நன்றாகவே அறிந்திருந்தது.

2017 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் விசியோ என்ற தொலைக்காட்சிக் கம்பெனியின் மீது தொடுத்த வழக்கு 22 லட்சம் டாலரில் முடிந்தது. சுமார் 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளில், திரையில் என்ன ஓடுகிறது என்பதை நொடிக்கு நொடி எடுத்து, பார்ப்பவரின் வயது, பால், வருமானம், திருமண நிலை, கல்வி ஆகியவற்றோடு பொருத்திப் பிறருக்கு விற்க வழிசெய்திருந்தது. பெயர் மட்டும் இல்லையாம்! வேப்பந்தார் எல்லாம் இருந்தது. 2024 டிசம்பரில் விசியோவை வாங்கியது வால்மார்ட். அரிசி பருப்பு விற்கிற கடைக்குத் தொலைக்காட்சியின் விளம்பர வருமானம் வேண்டியிருந்தது. இதுவும் ஒரு குவிதல்தான்.

தானாகத் தரை பெருக்கும் ரூம்பா இயந்திரத்தின் கதை இதைவிட மோசம். 2020இல் சோதனைக்காக வீடுகளில் ஓடவிட்ட இயந்திரங்கள் எடுத்த படங்களில் கழிவறையில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தியின் படமும் இருந்தது. நாற்காலி எது, கால் எது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க, படங்களில் கோடிழுத்துப் பெயரிடும் துண்டுவேலை வெனிசுவேலாவுக்குப் போயிற்று. அங்கிருந்து படங்கள் வெளியே கசிந்ததை எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ 2022 டிசம்பரில் வெளிக்கொணர்ந்தது. அந்தப் பெண்ணின் அந்தரங்கம் மட்டும் இதில் பேசப்பட்டது. தானாக ஓடுகிறது என்று விற்கிற துடைப்பத்துக்குப் பின்னால் அற்பக் கூலிக்கு உட்கார்ந்து கோடிழுத்த கைகளைப் பற்றி அதிகம் பேச்சில்லை. வேலைக்காரி வீட்டுக்குள்ளிருந்து வேறு கண்டத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறாள், அவ்வளவே.

வீட்டுக்குள்ளேயும் அதிகாரம் சமமாகப் பங்கிடப்படவில்லை. 2018 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு செய்திக்கட்டுரை, தாங்கள் போடாமலே அணைகிற ஏசி, தினமும் எண் மாறுகிற கதவுப்பூட்டு, ஆளில்லாமல் அடிக்கிற மணி என்று பெண்கள் சொன்னதைப் பதிவுசெய்தது. வீட்டை விட்டுப் போன கணவனோ காதலனோ கைப்பேசியிலிருந்து செய்கிற வேலை. சாதனத்தைப் பொருத்துகிறவன் பெரும்பாலும் ஆண், கடவுச்சொல்லும் அவனிடம். ஃபூக்கோவை மேற்கோள் காட்டிச் சிறைக் கோபுரம் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். இங்கே கோபுரம் வேண்டியதில்லை, புருஷன் போதும்.

கடவுச்சொல்லே மாற்றப்படாத சாதனங்களின் நிலை வேறு. மிராய் என்ற தீநிரல் ஏறக்குறைய 60 வழக்கமான பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் வீட்டுக் கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் பிடித்தது. எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டின் வழங்கிகளுக்கிடையிலான வியாபாரப் போட்டியில் தொடங்கிய சங்கதி. நிரல் பொதுவில் விடப்பட்ட பிறகு, 2016 அக்டோபர் 21இல் டின் என்ற நிறுவனத்தின் மீது இத்தகைய சாதனங்கள் பாய, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலமணி நேரம் தடுமாறின. கேமராவின் சொந்தக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் வீட்டுக் கேமரா வழக்கம்போலத் தொட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தது.

நாம் அலெக்ஸா வாங்கினால்தானே, டோஸ்டர் வாங்கினால்தானே என்று இங்கே இருக்க முடியாது. இணையத்தோடு பிணைந்த வீட்டுச் சாதனம் இந்தியாவில் பெருந்திரளான மக்களிடம் வருவது கடை வழியாக அல்ல, மின்கம்பி வழியாக. 2021இல் ஒன்றிய அரசு ஏற்ற மின்விநியோகச் சீர்திருத்தத் திட்டத்தின்படி 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள், முன்பணம் கட்டும் முறையில், 2025 மார்ச்சுக்குள் என்றார்கள். இலக்கு எட்டப்படவில்லை. தனியார் ஒப்பந்தக்காரர் மீட்டரைப் பொருத்திப் பல ஆண்டுகள் பராமரித்துக் காசு வசூலிக்கும் ஏற்பாட்டைக் கேரள மின்வாரியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2023இல் அந்த ஏற்பாட்டை ஏற்பதில்லை என்று கேரள அரசு முடிவெடுத்தது. எதிர்ப்பு பெரும்பாலும் கட்டணம், தனியார்மயம், வேலையிழப்பு என்ற தளத்தில் நிகழ்கிறது. அது நியாயமான எதிர்ப்பு. ஆனால் மீட்டர் ஒரு கண் என்பது அதில் அநேகமாக இல்லை.

1980களில் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர், மின்கம்பெனிகளின் ஆய்வு நிறுவனம் தந்த பணத்தில் ஒரு முறையைக் கண்டார். வீட்டுக்குள் நுழையாமல், மீட்டர் அருகே மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களை மட்டும் கவனித்தால், எந்தச் சாதனம் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று சொல்லிவிடலாம். குளிர்பெட்டிக்கு ஒரு கையெழுத்து, அடுப்புக்கு ஒரு கையெழுத்து. இது கண்காணிப்புக்குப் பயன்படும் என்று 1989இல் கட்டுரை எழுதி எச்சரித்தவரும் ஹார்ட்தான். அந்த நுட்பத்துக்கு நொடிக்கணக்கிலான அளவீடு வேண்டும். நமது ஸ்மார்ட் மீட்டர்கள் வழக்கமாக 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதிகின்றன. ஆகவே மாவு அரைத்தார்களா, துணி தேய்த்தார்களா என்று தெரியாது. எத்தனை மணிக்கு வீடு தூங்கியது, பகலில் ஆளிருந்தார்களா, எந்தெந்த நாள் பூட்டிக் கிடந்தது என்பதற்கு அரை மணி நேரக் கணக்கே போதும். பணம் தீர்ந்தால் ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்க வேண்டியதுமில்லை, தொலைவிலிருந்தே துண்டிக்கலாம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்து, மீட்டரை அண்ணாந்து பார்த்து, வெள்ளை அட்டையில் தேதியும் யூனிட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற முறையைத் தமிழகத்தில் இரண்டு தலைமுறைகள் அறியும். தப்பாக எழுதினால் வாசலிலேயே நிறுத்தி, “என்னங்க, போன தடவை இவ்வளவு வரலையே?” என்று கேட்க முடிந்தது. அட்டை வீட்டில் இருந்தது. அரை மணிக்கு அரை மணி பதிகிற கணக்கு யாரிடம் இருக்கும், எத்தனை காலம் இருக்கும், போலீஸ் கேட்டால் என்ன செய்வார்கள், அந்தத் தகவலை ஒப்பந்தக்காரர் வேறு எவருக்கும் தரலாமா என்பன மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் எழுப்பத்தக்க கேள்விகள். அந்தக் கூட்டங்களுக்கு நம்மில் எவரும் போய்விடலாம்.